முதல் கிட்டார் வாங்குவதற்கு முன்: வடசென்னைக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் இருபது ஆண்டுகளாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் நடத்திய நேரத்தைவிட, எந்தக் கிட்டார் வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் சொன்ன நேரம்தான் அதிகமோ என்று சில நாள் தோன்றும். திருவொற்றியூரிலிருந்து வந்தாலும் வியாசர்பாடியிலிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். வாய் வலித்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். இங்கே பேசுவது அக்கூஸ்டிக் கிட்டாரைப் பற்றி மட்டும். எலக்ட்ரிக் கிட்டார் வேறு கதை.

எவ்வளவு பணம் எடுத்துவைக்க வேண்டும்?

நம்பி வாங்கக்கூடிய முதல் கிட்டார் இன்றைய நிலவரத்தில் ஏறக்குறைய 7,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாய்க்குள் கிடைக்கும். யமஹாவின் எஃப்280, எஃப்310 போன்றவை இந்த வட்டத்தில் வருபவை. என் மாணவர்களில் பாதிப்பேர் கையில் இவைதான். 18,000-ஐத் தாண்டினால் யமஹா எஃப்ஜி800 போன்ற, முகப்புப் பலகை முழு மரத்தாலான கிட்டார்கள் வரத் தொடங்கும்.

கையில் 10,000 இருந்தால் பத்தையும் கிட்டாரிலேயே கொட்டிவிடாதீர்கள். 8,500-க்குக் கிட்டார் வாங்கி, மீதியை உறை, சுருதி சேர்க்க உதவும் கிளிப் ட்யூனர், ஒரு செட் மாற்றுத் தந்தி, செட்டப் கூலி ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செட்டப் என்ன என்பது கீழே வருகிறது. அதை மட்டும் தவறாமல் படியுங்கள்.

3,000 ரூபாய்க்கும் கிட்டார் கிடைக்கிறதே, அதில் பழகிவிட்டுப் பிறகு நல்லதாக வாங்கினால் என்ன?

காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையனுக்குப் பதின்மூன்று வயது. தோளில் பளபளக்கும் சிவப்புக் கிட்டார். வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, விரல் வலிக்கிறது என்று தொடவே மாட்டேன் என்கிறான், சோம்பேறி என்று புகார். கிட்டாரை வாங்கிப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் (வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரில் அதற்குப் பெயர் ஃப்ரெட்) ஒரு ரூபாய் நாணயத்தைத் தந்திக்கு அடியில் நுழைத்தேன். போயிற்று. அதன்மேல் இரண்டாவது நாணயம், அதுவும் போயிற்று. மூன்றாவதும் தந்தியைத் தொடாமல் உள்ளே நின்றது. "இதில் துணி காயப்போடலாம் அம்மா, வாசிக்க முடியாது" என்றேன். பையன் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். அவன் விரல் நுனிகளில் வேறு கருப்பு. விரல் வைக்கும் பலகையில் பூசியிருந்த சாயம் வியர்வையில் கரைந்து ஒட்டியிருந்தது.

அந்த இடைவெளிக்குக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர் ஆக்‌ஷன். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் உள்ள உயரம். ஸ்டீல் தந்திக் கிட்டாரில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின்மேல் தடித்த தந்திக்கு 2 முதல் 2.5 மி.மீ., மெல்லிய தந்திக்கு 1.5 முதல் 2 மி.மீ. இருந்தால் பிள்ளைகள் அழாமல் வாசிப்பார்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. ஆகவே தடித்த தந்திக்கு அடியில் இரண்டு நாணயங்கள் தாராளமாக நுழைந்தால் உயரம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். தச்சர் கணக்கு இல்லைதான். ஆனால் கடையில் நின்றுகொண்டு அரை நிமிடத்தில் செய்துவிடலாம்.

உயரத்தைக் குறைக்க முடியாதா என்றால், முடியும். தந்திகள் கீழ்ப்பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கும் வெள்ளைத் துண்டுக்குப் பெயர் சேடில்; வீணையில் குதிரைக்கு உள்ள வேலை இதற்கு. அதன் அடிப்பாகத்தைத் தேய்த்துக் குறைக்கலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் நட்ட நடுவில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். அந்தச் சிவப்புக் கிட்டாரில் சேடில் வெளியே தெரிந்ததே 1 மி.மீ.தான். தேய்க்க இடமில்லை. அந்த 3,000 ரூபாய் முழு நஷ்டம். "பிறகு நல்லதாக வாங்கலாம்" என்ற நாள் பெரும்பாலான வீடுகளில் வருவதில்லை. பையன் அதற்குள் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறான்.

கடையில் நின்று எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எனக்கு வாசிக்கத் தெரியாதே.

வாசிக்கத் தெரியாதவரும் பார்க்கக்கூடியவை ஏராளம்.

முதலில் நாணயச் சோதனை. அடுத்து, கிட்டாரைத் துப்பாக்கிபோல் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய நேராக, மிக லேசாக உள்பக்கம் குழிந்து இருக்கலாம். முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். குழிவு அதிகம் என்றால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கலுக்கு மருந்து இல்லை.

கழுத்தின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் கையைக் கீறினால் வேலைப்பாடு அவசரம்.

அடுத்து பொறுமை வேண்டிய வேலை. ஆறு தந்தி, சாதாரணமாக இருபது ஃப்ரெட், மொத்தம் 120 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் அழுத்தி ஒருமுறை மீட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. எங்காவது வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓசை வந்தாலோ ஒலி செத்துப்போனாலோ கடைக்காரரிடம் காட்டுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். பணம் உங்களுடையது.

கைப்பேசியில் ட்யூனர் செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டு போங்கள். தந்தியைத் திறந்தபடி, அதாவது எங்கும் அழுத்தாமல், மீட்டிச் சுருதி சேர்த்தபின், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். திறந்த ஏ தந்தி 110 ஹெர்ட்ஸ் என்றால் இங்கே 220. முள் கணிசமாக விலகி நின்றால் அந்தக் கிட்டாரை எப்படிச் சேர்த்தாலும் மேல் ஃப்ரெட்டுகளில் அபசுரம்தான்.

கடைசியாக, கடைக்காரரையோ உடன் வந்தவரையோ வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் எதிரே ஆறடி தள்ளி நின்று கேளுங்கள். கிட்டாரின் ஓசை முன்னோக்கிப் போகிறது. மடியில் வைத்திருப்பவரைவிட எதிரே நிற்பவருக்குத்தான் அதன் முழுக்குரல் தெரியும்.

எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். கிட்டார் கெட்டுப்போகுமா?

மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் அறிவுரைகளில் பாதி நமக்கு உதவாது. குளிர்நாடுகளில் காற்று வறண்டு மரம் வெடிக்கும் என்று பயந்து, கிட்டாருக்கு ஈரம் ஊட்டும் கருவி வாங்கச் சொல்வார்கள். கிட்டாருக்கு உகந்தது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி 60-ஐத் தாண்டியே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டாம். நமக்கு வேண்டியது உலர்த்தும் வழி.

ஈரம் ஏறினால் மரம் ஊதும். முகப்புப் பலகை வயிறு உப்பியதுபோல் மேலெழும்ப, அதோடு பிரிட்ஜும் (சேடில் பதிந்திருக்கும் மரத்துண்டு) தந்தியும் சேர்ந்து ஏறும். ஏசி அறையில் உலர்ந்து தொங்கிய கிட்டார் கடையில் வெண்ணெய்போல் வாசிக்கும். ராயபுரம் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் தந்தி உயர்ந்து நிற்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர் ஏமாற்றவில்லை, நம் காற்று ஏறிக்கொண்டது.

ஆகவே நான் சொல்லும் வழி இது. கிட்டாரை வாங்கி வந்து மூன்று வாரம் உங்கள் வீட்டுக் காற்றிலேயே வாசியுங்கள். மரம் ஊத வேண்டியது ஊதி ஓய்ந்த பிறகு செட்டப்புக்குக் கொடுங்கள். ட்ரஸ் ராடைத் திருத்தி, சேடிலைத் தேய்த்து, தலைப்பக்கத்தில் தந்திகள் தாண்டிப்போகும் நட் என்ற சிறு துண்டின் பள்ளங்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் பெயர்தான் செட்டப். சில நூறு ரூபாய் ஆகும். 8,000 ரூபாய்க் கிட்டாரைச் செட்டப் செய்து வாசிப்பதும், 15,000 ரூபாய்க் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வாசிப்பதும் என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

தந்தி விஷயம் தனி. உப்புக்காற்றில் சாதாரண ஸ்டீல் தந்தி ஒரு மாதத்தில் சொரசொரப்பாகிவிடும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் தந்தியின் மேலும் அடியிலும் துடைத்துவிட்டு உறையில் வையுங்கள். மேலே மெல்லிய பூச்சு உள்ள தந்திகள் விலை இரண்டு மூன்று மடங்கு. கடலோரத்தில் அந்த விலைக்கு நியாயம் உண்டு. உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடலாம். நீலமணி வகை ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். வாணலியில் சூடாக்கினால் மீண்டும் நீலமாகிவிடும். அதற்கென்று ஒரு பழைய வாணலியை ஒதுக்கிவிடுங்கள், சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. ஒருவர் ஜெல்லுக்குப் பதிலாகத் துணியில் பச்சரிசி முடிந்து போட்டுவைத்தார். அடுத்த மாதம் கிட்டாருக்குள்ளிருந்து வண்டு வந்தது.

மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரண்மேல் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் பசை இளகி பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எர்ணாவூரில் என் மாணவர் ஒருவரின் கிட்டார் கட்டிலடியில் ஒரு நாள் முழுக்க நீரில் கிடந்தது. முதுகுப்பலகை அப்பளம்போல் தனியாகக் கழன்று வந்தது.

முழு மரம், பிளைவுட் என்கிறார்களே, எது நல்லது?

ஓசைக்கு முழு மரம். முகப்புப் பலகை அடுக்கு இல்லாத ஸ்ப்ரூஸ் அல்லது சீடர் மரமாக இருந்தால் தாராளமாக அதிரும். வாசிக்க வாசிக்கக் குரல் கனியும் என்பார்கள், என் காதும் அதை ஒப்புக்கொள்கிறது. ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரரேகை விளிம்பில் வளைந்து அப்படியே கீழிறங்கினால் முழு மரம். சான்ட்விச்போல் அடுக்கு தெரிந்தால் பிளைவுட்.

ஆனால் ஈரத்துக்கு அதிகம் அசைவதும் அந்த முழு மரம்தான். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் பிடிவாதமாக இருந்த இடத்தில் இருக்கும். ஏசி இல்லாத வீடு, ஜன்னலைத் திறந்தால் கடல், வாசிக்கப்போவது பத்து வயதுப் பிள்ளை என்றால், முதல் கிட்டார் பிளைவுட்டாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முழு மர முகப்புக்காகக் கடன் வாங்காதீர்கள். இரண்டு ஆண்டு விடாமல் வாசித்தவருக்கு அதை நானே சிபாரிசு செய்வேன்.

சும்மா ஒரு செய்தி: விரல்பலகைக்கும் முதுகுக்கும் உலகம் முழுவதும் கொண்டாடும் ரோஸ்வுட்டில் ஒரு வகை நம் ஈட்டி மரம்.

பெரிய உடல், சிறிய உடல்: எதை எடுப்பது?

கடையில் அதிகம் தொங்குவது ட்ரெட்நாட் என்ற அகன்ற வடிவம். 1906-இல் பிரிட்டிஷ் கடற்படை இறக்கிய போர்க்கப்பலின் பெயர் அது. மார்ட்டின் நிறுவனம் 1916-இல் டிட்சன் என்ற கடைக்காக இந்தப் பெரிய கிட்டாரைச் செய்தபோது அந்தப் பெயரையே வைத்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குப் பொருத்தமான பெயர்தான். கோயில் திருவிழாவிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் பாட்டுக்குப் பின்னால் தட்டி வாசிக்க இதன் அடித்தொண்டை கைகொடுக்கும்.

குள்ளமானவர்களுக்கும் விரலால் மீட்டி வாசிக்க நினைப்பவர்களுக்கும் இடுப்பு ஒடுங்கிய கான்செர்ட் வடிவம் வசதி. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பாருங்கள். வலது தோள் காதை நோக்கி ஏறினால் உடல் உங்களுக்குப் பெரிது.

நைலான் தந்தி விரலுக்கு மென்மை என்கிறார்கள். அதையே வாங்கலாமா?

மென்மைதான். ஸ்டீல் செட் கழுத்தை ஏறக்குறைய 70 கிலோ இழுவிசையில் இழுக்கிறது. நைலான் 40 கிலோ அளவில். ஆனால் நைலான் கிட்டாரின் கழுத்து அகலம்: நட் அருகே ஏறக்குறைய 52 மி.மீ., ஸ்டீல் கிட்டாரில் 43. சிறு கைகளுக்கு அந்த அகலமே வேறொரு தொல்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதப்போகிறவர் நைலான் வாங்கட்டும். சினிமாப் பாட்டும் கீதங்களும் வாசிக்க நினைப்பவருக்கு ஸ்டீல். ஸ்டீல் கிட்டாரில் நைலான் தந்தியையோ, நைலான் கிட்டாரில் ஸ்டீல் தந்தியையோ மாட்டாதீர்கள். இரண்டாவதைச் செய்தால் பிரிட்ஜ் கையோடு வரும்.

விரல் வலி எப்படியும் மூன்று நான்கு வாரம் இருக்கும். பிறகு தோல் தடித்துவிடும். வலி குறைய 12-க்குப் பதில் 11 அல்லது 10 அளவுத் தந்தி மாட்டச் சொல்லுங்கள். அந்த எண் மெல்லிய தந்தியின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்.

நான் கானா பாடுபவன். பாட்டுக்குக் கிட்டார் சரிவருமா?

வரும். 2017-இல் உருவான காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் கிட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றிக் காட்டிவிட்டது. உங்களுக்கு வேண்டிய கூடுதல் பொருள் ஒன்றே: கேப்போ. கிட்டார் கழுத்தில் மாட்டி எல்லாத் தந்தியையும் ஒருசேர அழுத்தும் கவ்வி. நல்ல கேப்போ இல்லாமல் பாடகருக்கு வாசிக்க உட்காராதீர்கள்.

நம் பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆர்மோனியக் கட்டையிலிருந்து வந்த வழக்கம். ஒரு கட்டை என்றால் மேற்கத்திய சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. பாடகர் "ஒன்றரை" என்றால் கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, சி வடிவக் கார்டுகளையே (பல தந்திகளை ஒருசேர மீட்டும் சுரக்கூட்டுகள்) வாசியுங்கள். "இரண்டரை" என்றால் மூன்றாவது ஃப்ரெட். "நாலரை" என்றால் இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டி இ வடிவம். மண்டபத்தில் மைக் பிடித்த பிறகு சட்டென்று அரைக் கட்டை ஏற்றுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேப்போ மட்டுமே காப்பாற்றும்.

கமகம் வேண்டும் என்றால் ஆக்‌ஷன் தாழ்வாகவும் தந்தி மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அக்கூஸ்டிக்கில் அது கடினம். கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா போன்றவர்களின் கையில் பெரும்பாலும் எலக்ட்ரிக் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு.

ஒயர் மாட்டும் வசதி உள்ளதை வாங்கலாமா?

மேடை ஏறும் நாள் நிச்சயம் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் 10,000 ரூபாய்க்குள் அந்த மின்கருவிக்குப் போகும் காசு மரத்திலிருந்தும் வேலைப்பாட்டிலிருந்தும் பிடித்துக்கொண்டதுதான். வாங்கியவர்கள் வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலானவற்றில் ஒயர் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு?

36 அங்குல முக்கால் அளவுக் கிட்டார். "வளர்ந்ததும் உதவும்" என்று 41 அங்குலத்தை வாங்கித்தருவது பள்ளிச் சீருடைக்குச் சரி, கிட்டாருக்குச் சரியில்லை.

ஆன்லைனில் விலை குறைவாக இருக்கிறதே?

குறைவுதான். ஆனால் மேலே சொன்ன 120 இடங்களை உங்களால் தொட்டுப் பார்க்க முடியாது. விலையில் மிச்சமாவது செட்டப்புக்குப் போகும் என்று கணக்குப் போட்டு, பெரிய நிறுவனத்தின் ஒரு குறிப்பிட்ட மாடலை மட்டும் வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். எனக்கே ஒருமுறை தலை உடைந்த கிட்டார் வந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள வைப்பதற்குள் பதினொரு நாள் போயிற்று.

பழைய கிட்டார் வாங்கலாமா?

தாராளமாக. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகள், ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகள் என்று கிட்டார் புழங்கிய இடங்கள் நம் பகுதியில் குறைவில்லை; நல்ல மரம் தூசியோடு கிடைப்பதுண்டு. பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். அடியில் நுழைந்தால் பெயரத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஃப்ரெட்டுகளில் தந்தி அரித்த பள்ளம், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் விரிசல், இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். துருப்பிடித்த தந்தியைக் கண்டு பயப்பட வேண்டாம், அது சில நூறு ரூபாய் வேலை.

என் மகள் இடது கைப் பழக்கம் உள்ளவள்.

வலது கைக் கிட்டாரில் ஒரு வாரம் வாசிக்க விடுங்கள். பலருக்கு ஒத்துப்போய்விடும். ஒத்துவராவிட்டால் இடது கைக் கிட்டாரே வாங்குங்கள். தந்தியை மட்டும் மாற்றி மாட்டினால் நட்டும் சேடிலும் பொருந்தாது.

கடைக்கு நீங்களும் கூட வருவீர்களா?

சனிக்கிழமை காலை என்றால் வருவேன். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறினால் மாறாமல் அண்ணா சாலையில் இறங்கலாம். 1842-இல் தொடங்கிய மியூஸி மியூசிக்கல் உள்பட இரண்டு மூன்று கடைகளில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், முதல் கடையிலேயே வாங்க நான் விடமாட்டேன். டிக்கெட்டும் காபியும் உங்கள் செலவு. ஒரு ரூபாய் நாணயம் இரண்டு என் சட்டைப்பையில் இருக்கும்.